திறக்காத பூட்டு என்ன சொல்கிறது?



இந்த உரையின் அழைப்பிதழில் 'எஸ்கேப் ரூம்' என்று பார்த்ததும் சிலர் புருவத்தை உயர்த்தியிருப்பீர்கள். நண்பர்கள் கூட்டமாகப் போய்ப் பணம் கட்டி, பூட்டிய அறைக்குள் ஒரு மணி நேரம் புதிர்களை அவிழ்த்துவிட்டு வெளியே வந்து படம் எடுத்துக்கொள்ளும் கேளிக்கை அது. அதற்கும் தேர்வுக்கும் என்ன உறவு? கேட்க வேண்டிய கேள்விதான். இணையவழிப் பாடங்களில் அந்த விளையாட்டைத் தேர்வாக மாற்றும் முயற்சி சில ஆண்டுகளாகப் பல நாடுகளில் நடந்துவருகிறது. அந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில், அதில் எது உருப்படி, எது வெறும் ஜிகினா என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். மாணவர்களுக்கு இது பிடிக்குமா என்பதை நான் விவாதிக்கப்போவதில்லை. பிடிக்கும். வழக்கமான தேர்வுக்குப் பதிலாக எதை வைத்தாலும் பிடிக்கும். இதை வைத்து ஒருவருக்கு மதிப்பெண் போடலாமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்த விளையாட்டு பிறந்தது அறையில் அல்ல, திரையில். 2004-இல் ஜப்பானியர் தோஷிமிட்சு தகாகி 'கிரிம்சன் ரூம்' என்ற சிறு ஃபிளாஷ் விளையாட்டை வெளியிட்டார். சிவப்பு அறை ஒன்றில் கண் விழிக்கிறோம், கதவு பூட்டியிருக்கிறது, அங்கே இங்கே சொடுக்கிப் பொருள்களைத் தேடி எடுத்து வெளியேற வேண்டும், அவ்வளவே. 2007-இல் கியோத்தோவில் 'ஸ்கிராப்' நிறுவனத்தின் தகாவோ காட்டோ அதே யோசனையை உண்மையான அறைக்குக் கொண்டுவந்தார். 2011-இல் புடாபெஸ்டில் அட்டிலா ஜூர்கோவிச் 'பாராபார்க்' தொடங்கினார். அதன் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கனடாவின் வில்ஃப்ரிட் லோரியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் நிக்கல்சன் 2015-இல் 175 எஸ்கேப் ரூம் நிலையங்களிடம் கேட்டு ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார். இத்துறையில் இறங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். புதிர்களை எப்படி அடுக்குகிறார்கள் என்பதை அவர் அதில் வகைப்படுத்தியிருக்கிறார்: ஒன்றைத் திறந்தால்தான் அடுத்தது என்ற சங்கிலி ஒரு வகை, எதை வேண்டுமானாலும் முதலில் தொடலாம் என்ற திறந்த வகை, பல கிளைகள் தனித்தனியே போய்க் கடைசியில் ஒன்றுசேரும் வகை. இந்த வகைப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வருவேன். மதிப்பெண்ணின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

2015-இலேயே அமெரிக்காவில் 'பிரேக்அவுட் எடு' என்று ஒரு பெட்டி வகுப்பறைக்குள் வந்தது. பெட்டிக்குப் பல வகைப் பூட்டுகள். பாடத்திலிருந்து விடை கண்டுபிடித்தால் பூட்டு திறக்கும். பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பென்சில்வேனியாவின் பீட்டர்ஸ் டவுன்ஷிப் பொது நூலகம், ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியைக் களமாக வைத்து ஒரு கூகுள் ஃபார்மை இணையத்தில் போட்டது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கேள்விப் படிவம் ஒன்றை இப்படியும் பயன்படுத்தலாம் என்று அது காட்டியது. வீட்டில் அடைந்துகிடந்த குழந்தைகள் உலகெங்கும் அதை விளையாடினார்கள். அதைப் பார்த்து ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் அதேபோலச் செய்தார்கள். திரையிலிருந்து அறைக்குப் போன விளையாட்டு, அறைகள் மூடிக் கிடந்த நேரத்தில் திரைக்கே திரும்பிவிட்டது.

சிக்கல் தொடங்கியதும் அங்கேதான். கூகுள் ஃபார்மில் பூட்டு செய்வது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியும். குறுவிடைக் கேள்வி ஒன்றைப் போட்டு, அதைக் கட்டாயக் கேள்வியாக்கி, 'விடை இதுவாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்' என்று ஒரு சரிபார்ப்பு விதியை வைக்கிறோம். மாணவர் 125 என்று போட்டால் சிவப்பு எழுத்தில் 'பூட்டு திறக்கவில்லை' என்று வரும். 42 என்று போட்டால் அடுத்த பக்கம் திறக்கும். முடிந்ததும் ஆசிரியருடைய விரிதாளில் வரிசையாக என்ன இருக்கும்? 42, 42, 42, 42. எல்லாருமே நூற்றுக்கு நூறு! முதல் முயற்சியிலேயே 42 போட்டவரும் பதினேழு தடவை தப்பாகப் போட்டவரும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டுப் போட்டவரும் அந்தத் தாளில் ஒன்றுதான். தவறான முயற்சிகளை அந்தச் சரிபார்ப்பு சேமிப்பதே இல்லை. போதாக்குறைக்கு, அந்தச் சரியான விடை பக்கத்தின் மூலநிரலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கணினி அறிவியல் மாணவர் ஒருவர் அதை எடுக்க அரை நிமிடம் போதும்.

ஹாக்வார்ட்ஸ் படிவம் செய்த நூலகத்துக்கு இது ஒரு குறையே இல்லை. அவர்கள் மதிப்பெண் போடவில்லை, பொழுதுபோக்கத்தான் செய்தார்கள். அதே படிவத்தை எடுத்து அகமதிப்பீட்டுக்குப் பத்து மதிப்பெண் என்று அறிவிக்கும்போதுதான் கோளாறு. விளையாட்டில் பூட்டின் வேலை வழியை மறிப்பது. தேர்வில் அதன் வேலை சாட்சி சொல்வது. திறந்த பூட்டைவிடத் திறக்காத பூட்டு அதிகம் பேசும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். நான் பார்த்த கல்வி எஸ்கேப் ரூம்களில் பெரும்பாலானவை அந்தச் சாட்சியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

தேர்வு வடிவமைப்பில் 'சான்று வழி வடிவமைப்பு' என்று ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் இ.டி.எஸ். தேர்வு நிறுவனத்தோடு தொடர்புள்ள ராபர்ட் மிஸ்லெவி, லிண்டா ஸ்டைன்பெர்க், ரஸ்ஸல் ஆல்மண்ட் மூவரும் வகுத்தது. பெயர்தான் கனமானது, உள்ளே இருப்பது சாதாரண விவேகம். மாணவரைப் பற்றி என்ன சொல்ல விரும்புகிறோம்? அதைச் சொல்ல அவர் எதைச் செய்து காட்ட வேண்டும்? அதைச் செய்துகாட்ட வைக்கும் வேலை எது? இந்த வரிசையில் போக வேண்டும். எஸ்கேப் ரூம் செய்கிறவர்கள் நேர் எதிர்த் திசையில் போகிறார்கள். முதலில் கதை: பாழடைந்த பங்களா, காணாமல்போன விஞ்ஞானி. பிறகு பூட்டு. பிறகு அந்தப் பூட்டுக்குள் நான்கு இலக்கம் வருகிற மாதிரி பாடத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அதனால்தான் பல வரலாற்று எஸ்கேப் ரூம்களில் எல்லாப் பூட்டுக்கும் ஆண்டுதான் விடை. பூட்டுக்கு நான்கு இலக்கம் வேண்டியிருக்கிறது, வரலாற்றில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு போர் ஏன் நடந்தது என்பதை இலக்கப் பூட்டுக்குள் அடைக்க முடியாது, ஆகவே அதை யாரும் கேட்பதில்லை.

எடுத்துக்காட்டு இல்லாமல் இது விளங்காது. செவிலியர் கல்வியிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். எஸ்கேப் ரூம் அதிகம் பயன்படும் பாடங்களில் அதுவும் ஒன்று, காரணம் வெளிப்படை. வார்டில் நேரம் குறைவு, கணக்கு தப்பக் கூடாது.

நோயாளிக்கு 500 மில்லி நார்மல் சலைன், 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். கையில் இருக்கும் டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500-ஐ 20-ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது 42 சொட்டு. இரண்டாம் ஆண்டு மாணவிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பூட்டுக்கு விடை 42.

இப்போது தவறான விடைகளைப் பாருங்கள். ஒருவர் 2500 என்று போட்டால், மணியை நிமிடமாக மாற்ற மறந்துவிட்டார். 2 என்று போட்டால், செட்டின் சொட்டுக் கணக்கையே சேர்க்கவில்லை. 31 என்று போட்டால், ஒரு மில்லிக்கு 15 சொட்டு விழும் செட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தவறும் ஒவ்வொரு கதை சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் சொல்லித்தர வேண்டியது வேறு. ஆகவே பூட்டு செய்வதற்கு முன்பே தவறுகளின் பட்டியலைச் செய்ய வேண்டும் என்கிறேன். சரியான விடை ஒன்றே ஒன்று, அதற்குப் பெரிய உழைப்பு தேவையில்லை. வடிவமைப்பாளரின் உழைப்பெல்லாம் தவறான விடைகளில்தான்.

ஒருவர் 125 என்று போட்டால்? இங்கேதான் நுணுக்கம். அவர் ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்று நினைத்திருக்கலாம்: 500 பெருக்கல் 60, வகுத்தல் 240, விடை 125. அல்லது சொட்டையே மறந்து மணிக்கு எத்தனை மில்லி என்று கண்டுபிடித்து நிறுத்தியிருக்கலாம்: 500 வகுத்தல் 4, அதுவும் 125. இரண்டும் முற்றிலும் வேறு வேறு தவறுகள். முதலாமவருக்குக் கணக்கு தெரியும், கருவியைச் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டாமவருக்குக் கேள்வியே புரியவில்லை. எண்களை மாற்றிப் பார்த்தால் பிரியுமா என்றால் பிரியாது. மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, மணிக்கு 60 நிமிடம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, எந்த அளவு கொடுத்தாலும் இரு விடைகளும் ஒன்றாகவே வரும். ஒரே பூட்டால் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வழி என்ன? பூட்டுக்கு முன்னால் ஒரு செயல். தட்டில் மூன்று செட் பாக்கெட்டுகளின் படம். உறையில் சொட்டுக் கணக்கு அச்சிட்டிருக்கும். மருத்துவர் எழுதியதற்கும் நோயாளியின் வயதுக்கும் ஏற்ற செட்டை மாணவி முதலில் எடுத்து மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் சொட்டு வேகம். இப்போது அவர் 20 சொட்டு செட்டை மாட்டிவிட்டு 125 என்று போட்டால், எந்தத் தவறு என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். விளையாட்டு ரசனைக்காகச் சேர்த்ததுபோலத் தெரியும் அந்தத் தட்டு, உண்மையில் இரண்டு தவறுகளைப் பிரிக்கும் கத்தி.

இன்னொன்றும் செய்யலாம். தவறாகப் போட்டால் 'பூட்டு திறக்கவில்லை' என்று சொல்லாமல், போட்ட வேகத்திலேயே டிரிப் ஓடட்டும். 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 125 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 6.25 மில்லி, நான்கு மணி நேரம் ஓட வேண்டிய பாட்டில் 80 நிமிடத்தில் காலி. திரையில் வார்டு கடிகாரம் வேகமாகச் சுற்றி அந்த நேரத்தில் நிற்கும், பாட்டில் காலியாகத் தொங்கும். 2 சொட்டு போட்டவருக்கு அடுத்த நாள் ஷிஃப்ட் வந்த பிறகும் பாட்டிலில் பாதிக்கு மேல் மீதி இருக்கும். 'தவறு, மீண்டும் முயல்க' என்ற வாசகத்தைவிட அந்தக் காலிப் பாட்டில் எவ்வளவோ மேல். பல ஆசிரியர்கள் கதையை அலங்காரமாக மட்டும் பார்க்கிறார்கள். கதை பின்விளைவைக் காட்டினால்தான் அதற்கு அங்கே இடம்.

இனி, சங்கிலி. பத்துப் பூட்டுகள், ஒன்றைத் திறந்தால்தான் அடுத்தது, ஒரு பூட்டுக்கு ஒரே முயற்சி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பூட்டையும் திறக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு உள்ள நல்ல மாணவி, கடைசிக் கதவு வரை போய்ச் சேர எவ்வளவு வாய்ப்பு? 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.35 சுமார். சாதாரணத் தேர்வில் பத்துக்கு ஒன்பது வாங்குகிற பெண், இங்கே மூன்றில் இரண்டு தடவை தப்பிக்க மாட்டார். நூற்றுக்கு எண்பது வாங்கக்கூடியவர் பத்தில் ஒரு தடவைதான் தப்பிப்பார். நடைமுறையில் மறுமுயற்சி தருகிறோம் என்பீர்கள். தந்தால் வேறு தொல்லை: இரண்டாம் பூட்டில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டவருக்கு மீதி எட்டுக் கேள்விகள் கேட்கப்படவே இல்லை. அவருக்கு அவை தெரியுமா, தெரியாதா? நமக்குத் தெரியாது. ஆனால் தாளில் பூச்சியம் போடுகிறோம்.

ஆகவே 'தப்பித்தாரா இல்லையா' என்பதை மதிப்பெண்ணாக்குவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். மதிப்பெண் வேண்டுமென்றால் நிக்கல்சன் சொன்ன கிளை வகையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கிளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பூட்டுகள், எல்லாம் கடைசிக் கதவில் சேரட்டும். ஒரு பூட்டில் மூன்று தடவை தவறினால் கதையே கதவைத் திறந்துவிடட்டும்: தலைமைச் செவிலியர் வந்து செட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். மாணவி அடுத்ததற்குப் போவார். அந்த மூன்று தவறுகளும் பதிவேட்டில் இருக்கும். விளையாட்டும் நிற்காது, சான்றும் தொலையாது.

மூன்று தடவை என்று வரம்பு வைக்க இன்னொரு காரணமும் உண்டு. மூன்று இலக்கப் பூட்டில் மொத்தம் 1000 சேர்க்கைகள்தான். நொடிக்கு ஒன்று வீதம் 000-விலிருந்து தொடங்கினால் பதினேழு நிமிடத்துக்குள் எந்தப் பூட்டும் திறந்துவிடும், பாடம் ஒரு வரி தெரிய வேண்டியதில்லை. பொறுமையைச் சோதிக்கும் தேர்வு என்றால் சரி.

கல்வி அளவீட்டில் சாமுவேல் மெசிக் 1989-இல் எழுதியது இன்றும் அடித்தளம். ஒரு தேர்வு இரண்டு வகையில் கெடும் என்றார்: அளக்க வேண்டியதை முழுக்க அளக்காமல் விடுவது ஒன்று, அளக்க வேண்டாததைச் சேர்த்து அளப்பது இன்னொன்று. எஸ்கேப் ரூமுக்கு இரண்டாம் நோய் பிறவியிலேயே உண்டு. மேசை இழுப்பறையை இரண்டு முறை சொடுக்கினால்தான் திறக்கும் என்பது தெரியாதவர், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர், ஆறு அங்குலக் கைபேசியில் சுவரில் ஒட்டிய சீட்டைப் பெரிதாக்கிப் படிக்கத் திணறுபவர் ஆகியோர் எல்லாருமே 'பாடம் தெரியாதவர்' கணக்கில் வந்துவிடுகிறார்கள். துப்பை ஒளித்துவைப்பதுதான் விளையாட்டின் உயிர். தேர்வில் ஒளித்துவைத்தால் கண்டுபிடிக்கும் திறமைக்கு மதிப்பெண் போகும்.

இதற்கு நம் மரபிலேயே ஓர் எதிர்ச்சாட்சி இருக்கிறது. ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனித்து நினைவில் வைக்கும் அவதானக் கலை. 1907-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு பேர் நூறு பக்கம் இழுக்க, எல்லாவற்றையும் நினைவில் நிறுத்திச் சதாவதானம் செய்து காட்டினார். அங்கே கவனச்சிதறல்தான் தேர்வே. முதுகில் விழும் கல்லை எண்ணுவதும் அளக்கப்படும் திறமையின் பகுதி. அதனால் அது முறையான தேர்வு. டிரிப் கணக்குத் தேர்வில் பாழடைந்த பங்களாவின் ஆந்தை அலறுவது எந்தத் திறமையை அளக்கிறது? ஆனால் அதே தேர்வில், கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் படுக்கையிலிருந்து அழைப்பு மணி அடிப்பது வேறு விஷயம். வார்டில் அது நடக்கும். குறுக்கீட்டை வைக்கலாமா என்பதற்கு என் உரைகல் இதுதான்: வேலையிடத்தில் அது உண்டா?

கடிகாரத்தையும் அதே உரைகல்லில் தேய்க்கலாம். 60 நிமிடம் என்பது வணிக அறைகளின் வசதி. அடுத்த குழு வெளியே காத்திருக்கிறது. பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2018 வழிகாட்டுதல்கள் எழுத்துத் தேர்வுகளுக்கு விதித்தன. விளையாட்டு என்று பெயர் வைத்துவிட்டதால் அந்தப் பொறுப்பு போய்விடாது. கடிகாரம் ஆளுக்கு ஆள் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இணையம் அறுந்தால் நிற்க வேண்டும்.

தமிழில் இதைச் செய்கிறவர்களுக்கு வரும் ஒரு தலைவலி இருக்கிறது. ஆங்கிலத்தில் வெளியாகும் வழிகாட்டிகள் பொதுவாக அதைச் சொல்வதில்லை. விடை எண்ணாக இல்லாமல் சொல்லாக இருக்கும் பூட்டுகள். விடை 'சோழர்' என்று வைத்து, மூன்று கட்டங்கள் போடுகிறீர்கள். கணினிக்கு அது மூன்று எழுத்து அல்ல. ச, ஓகாரக் குறி, ழ, ர, புள்ளி என ஐந்து குறிகள். நீளத்தை நிரலிடம் கேட்டால் ஐந்து என்றுதான் சொல்லும். அந்த ஓகாரக் குறியையும் சில கருவிகள் ஒரே குறியாக அனுப்பும், சில இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து அனுப்பும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பூட்டுக்கு வேறு வேறு. யூனிகோடு இயல்பாக்கம் என்று ஒரு வரி நிரல் சேர்த்தால் இது தீரும்.

தீராதது இன்னொன்று. 'மௌரியர்' என்று விடை. மாணவர் 'மெளரியர்' என்று தட்டுகிறார்; எகரக் கொம்பும் ளகரமும். இரண்டையும் அச்சில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் தட்டச்சு செய்கிறோம், இதழ்களிலும் அப்படி அச்சாகிறது. இயல்பாக்கம் இதைத் தொடாது, ஏனென்றால் கணினியின் பார்வையில் அது உண்மையாகவே வேறு சொல். திரையில் சரியான விடையைப் பார்த்துக்கொண்டே, பூட்டு ஏன் திறக்கவில்லை என்று ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். ஆகவே சொற்பூட்டு வைத்தால் ஏற்கத்தக்க வடிவங்களின் பட்டியல் ஒன்று கூடவே வேண்டும். அதைவிட, தட்டச்சு செய்யச் சொல்லாமல் எழுத்துகளைத் தொட்டு எடுக்கச் சொல்வது மேல். பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர் என்று கட்டம் போட்டு, கிடைவரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் இடத்தைத் தொடச் சொல்லுங்கள். இருபத்தாறு எழுத்தைச் சுழற்றும் ஆங்கிலச் சங்கேதச் சக்கரத்தைத் தமிழுக்கு இழுத்து வந்து திண்டாடுவதைவிட, இந்த 216 கட்டங்கள் நம் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழக்கமானவை.

குழுவாக விளையாடும்போது மதிப்பெண் யாருக்கு? ஐந்து பேர் குழுவில் விறுவிறுப்பான ஒருவர் எல்லாப் பூட்டையும் திறப்பார், நால்வர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஐவருக்கும் பத்து மதிப்பெண். 'பீசா' என்ற பன்னாட்டு மாணவர் தேர்வில் 2015-இல் கூட்டாகச் சிக்கல் தீர்க்கும் திறனை அளந்தபோது இதே பிரச்சினை எழுந்தது: கூட்டாளி யார் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறினால் அது நியாயமா? அவர்கள் மனிதக் கூட்டாளிகளையே எடுத்துவிட்டார்கள். மாணவர் ஒருவர், எதிரே கணினியே நடிக்கும் சில கூட்டாளிகள். அவர்களோடு முன்பே எழுதிவைத்த செய்திகளிலிருந்து தேர்ந்தெடுத்து உரையாட வேண்டும். அளவீட்டுக்கு நேர்த்தியான தீர்வு, மனிதர்களோடு பழகுவதற்கு அது எவ்வளவு ஈடு என்பதில் எனக்குச் சந்தேகம். வகுப்பறைக்கு எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸில் தொடங்கிய முறை பொருந்தும்: தகவலைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவது. ஒருவர் திரையில் மருத்துவர் எழுதிய சீட்டு, இன்னொருவர் திரையில் செட் உறை, மூன்றாமவரிடம் நோயாளியின் எடை. யாரும் மற்றவரைத் தள்ளிவிட்டுத் திறக்க முடியாது. மதிப்பெண்ணைத் தனியாளுக்குப் போட வேண்டுமானால், விளையாட்டு முடிந்ததும் அதே வகைக் கணக்கு இரண்டைத் தனித்தனியே கொடுத்துவிடுங்கள். அதற்கு விளையாட்டு அலங்காரமே வேண்டாம்.

உதவிக் குறிப்புகள் பற்றிச் சுருக்கமாக. வணிக அறையில் கேமரா வழியே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து, திணறும் குழுவுக்குத் துப்பு கொடுப்பார். இணையத்தில் அவர் இல்லை, ஆகவே குறிப்புகளை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அவற்றை இரண்டாகப் பிரியுங்கள். 'இழுப்பறையைத் தொட்டுப் பாருங்கள்' என்பது விளையாட்டு உதவி. அதற்கு ஒரு மதிப்பெண்ணும் குறைக்கக் கூடாது. 'மணியை நிமிடமாக மாற்றினீர்களா?' என்பது பாட உதவி. அதைக் கேட்டார் என்பது பதிவாக வேண்டும்.

பதிவு, பதிவு என்கிறேனே, எங்கே பதிவது? 'மூடில்' என்ற இணையக் கற்றல் தளத்தில் இயங்கும் வினாடி வினா மாணவரின் ஒவ்வொரு முயற்சியையும் வைத்துக்கொள்ளும். ஒன்றில் குறிப்பிட்ட மதிப்பெண் வந்தால்தான் அடுத்தது திறக்கும் என்று நிபந்தனையும் போடலாம். பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது, ஆனால் சான்று பத்திரமாக இருக்கும். கொஞ்சம் தொழில்நுட்ப ஆள்பலம் இருந்தால் 2013 முதல் புழக்கத்தில் உள்ள எக்ஸ்.ஏ.பி.ஐ. தரத்தைப் பயன்படுத்தலாம்: 'இன்னார் இதைச் செய்தார்' என்ற வடிவில் ஒவ்வொரு செயலையும் ஒரு வாக்கியமாகச் சேமிக்கும் ஏற்பாடு அது. 'மாணவி 20 சொட்டு செட்டை எடுத்தார்; 125 என்று உள்ளிட்டார்; பாட உதவி கேட்டார்; 42 என்று உள்ளிட்டார்.' இந்த நான்கு வாக்கியம் ஓர் ஆசிரியருக்குச் சொல்வதை எந்த மொத்த மதிப்பெண்ணும் சொல்லாது. எந்தக் கருவியானாலும் நீண்ட காலம் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷுக்கு அடோபி 2020 முடிவில் ஆதரவை நிறுத்தியபோது, அதில் செய்த பல பாடங்களும் கூடவே முடங்கின. சிவப்பு அறை உட்பட.

இவ்வளவும் செய்தால் இறுதித் தேர்வுக்கு இதை வைக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். மைக்கேல் ஸ்கிரிவன் 1967-இல் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தார்: போகிற போக்கில் திருத்திக்கொள்ள உதவுவது, முடிவில் தீர்ப்புச் சொல்வது. எஸ்கேப் ரூம் முதல் வகைக்குப் பிறந்தது. கல்வியில் இதைப் பற்றி வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் மாணவர்களுக்குப் பிடித்ததா என்று கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டவைதான். கற்றதைக் கண்டிப்பாக அளந்தவை குறைவு. பட்டச் சான்றிதழை அதன்மேல் நிறுத்த அது போதாது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, யாருக்கு எந்த இடத்தில் கணக்கு இடறுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு முடிந்த பின் அந்தத் தவறுப் பட்டியலை வகுப்பில் விரித்துவைத்து அரைமணி நேரம் பேசாவிட்டால், அந்த நன்மையும் கிடைக்காது.

கடைசியாக, எல்லா ஆசிரியர்களும் கேட்கும் கேள்வி: முதல் குழு விளையாடி முடித்ததும் விடையெல்லாம் வாட்ஸ்அப்பில் போய்விடுமே? போகும். எண்களை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். மூடிலில் கணக்கீட்டு வினா வகையே அதற்காக இருக்கிறது. மாற்றும்போது விடையையும் சரிபாருங்கள். 500 மில்லி 4 மணி என்பதை 1000 மில்லி 8 மணி என்று மாற்றினால் கேள்வி புதிதாகத் தெரியும், விடை அதே 42. கதையை மாற்ற மெனக்கெட வேண்டாம். அது வெளியே போகட்டும். சொல்லப்போனால் நீங்களே முதல் நாள் மாணவர்களுக்குச் சொல்லிவிடலாம்: வார்டு இப்படி இருக்கும், தட்டு இங்கே இருக்கும், இழுப்பறை இப்படித் திறக்கும் என்று. அன்றைக்கு எல்லாரும் நேராகக் கணக்குக்கு வந்துவிடுவார்கள்.